சென்னியப்பனின் புள்ளி

தொப்பூர் இறக்கத்தில் செத்துப்போன சென்னியப்பனின் லாரி, அவனுடைய கருமாதி நாள் காலையில் மறுபடி ஓடத் தொடங்கியதை எங்கள் ஊரில் முதலில் பார்த்தவர் புக்கிங் ஆபீஸ் குழந்தைவேலுதான். பார்த்தவர் கையிலிருந்த டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை. போனில் தெரிந்த மேப்பைக் கொஞ்சம் பெரிதாக்கி, தர்மபுரியைத் தாண்டி வடக்கே ஊர்ந்துகொண்டிருந்த அந்தப் பச்சைப் புள்ளி சென்னியப்பனுடையதுதானா என்று வண்டி நம்பரைச் சரிபார்த்து, "கெளம்பிட்டானாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு, மிச்ச டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, வேட்டியை மாற்றிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனார்.

எங்கள் பாறைக்காட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமாகத் தோன்றாது. சங்ககிரிக்கு மேற்கே, விதைத்தால் கல் முளைக்கும் பூமியில், எங்கள் பெரியவர்கள் மாட்டை விற்று லாரி வாங்கினார்கள், அன்றிலிருந்து இந்த ஊரில் ஆண்பிள்ளை என்றால் ஊரில் இல்லாதவன் என்று அர்த்தமாகிவிட்டது. ஆண்கள் நாக்பூரிலும் கௌகாத்தியிலும் இருப்பார்கள், பெண்கள் ரேஷன் கடை வரிசையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் இருப்பார்கள், நடுவில் ஒரு போன் இருக்கும், அந்தப் போனுக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கும். ஓடுகிற வண்டிக்கு வீட்டிலிருந்து போன் போடக் கூடாது. பிள்ளை பிறந்தாலும் சரி, பெற்றவள் செத்தாலும் சரி, வண்டி நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் கூப்பிட வேண்டும். கல்யாணமாகி வருகிற மருமகளுக்கு மாமியார் முதலில் சொல்லித் தருவது இதைத்தான், அடுப்படியைக் காட்டுவதெல்லாம் அப்புறம்.

வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் 'வண்டி எங்கே' வந்தது. எங்கள் ஊர் தயாளன் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்த காலத்தில், எப்போது கூப்பிடுவது என்று தெரியாமல் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எழுதிய செயலி அது. மேப்பில் ஒவ்வொரு லாரியும் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. புள்ளியைத் தொட்டால் வேகமும் சேருமிடமும் வரும், கீழே டிரைவரைக் கூப்பிட ஒரு பட்டன் இருக்கும். புக்கிங் ஆபீஸில் லோடு போடுவதும் அதிலேயேதான். தக்காளி, பால், மருந்து என்று தாமதம் தாங்காத சரக்காக இருந்தால் 'அவசரம்' என்று சிவப்பில் ஒரு குறி வைப்பார்கள், குறியைப் பார்த்த டிரைவர் மிதிப்பான். அடுப்பில் ரசமும் பக்கத்தில் போனுமாக எங்கள் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், புள்ளி சிவந்ததும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் "சாப்டீங்களா" என்று கேட்கும்.

சென்னியப்பன் நிதானமான டிரைவர் என்று பேரெடுத்தவன். இருந்தும் அன்றைக்கு அவன் ஏற்றியிருந்தது கோலார் தக்காளி, அதில் 'அவசரம்' இருந்தது. அவன் பெண்சாதி துளசிமணி போனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். தொப்பூர் இறக்கத்தில் வேகம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தாள், மெதுவாக வாருங்கள் என்று சொல்லக் கை பரபரத்தது, ஆனால் புள்ளி பச்சையாக இருந்தது, பச்சைக்குப் போன் போடுகிற வீட்டில் அவள் பிறக்கவும் இல்லை வாழ்க்கைப்படவும் இல்லை. புள்ளி ரோட்டை விட்டு விலகி, மேப்பில் பெயரில்லாத ஒரு பள்ளத்துக்கு மேல் கொஞ்ச நேரம் நின்று அணைந்தது. வண்டியை இரும்புக்கடைக்காரன் கேஸ் கட்டரால் வெட்டி எடைக்குப் போட்டான், ஆளை நாங்களே சுட்டுக் காவிரியில் சாம்பல் கரைத்தோம். இரண்டிலும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அதனால் கருமாதி வீட்டில் குழந்தைவேலு போனைக் காட்டியபோது, ஓடுவது அவன் வண்டிதானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஓடுகிறது, அவ்வளவுதான். அங்கே எழுந்த கேள்வி வேறு: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவருடைய பெண்சாதிக்குத் தாலி இறக்கலாமா கூடாதா? கோடித் துணி வந்துவிட்டது, மஞ்சள் தண்ணீர் கரைத்தாயிற்று, பந்தலில் இரண்டு கட்சியாக நின்று பேசினார்கள். சென்னியப்பனின் அக்கா ராசாமணி, அதுவரை அழுது களைத்துத் தூணில் சாய்ந்திருந்தவள், எழுந்து வந்து நடுவில் நின்றாள்.

"வண்டி ஓடீட்டிருக்கறப்ப எவ தாலியக் கழட்டறவ? நாளைக்கு என்ர தம்பி வந்து கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

கடைசியில் எங்கள் ஊர் வழக்கப்படி யாருக்கும் பிடிக்காத ஒரு தீர்ப்புக்கு எல்லோரும் தலையாட்டினோம். தாலி இருக்கட்டும், பூவும் பொட்டும் வேண்டாம், விசேஷத்துக்கு வரலாம், ஆனால் இரண்டாவது வரிசையில் நிற்க வேண்டும். துளசிமணியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் அப்போது போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், புள்ளி கிருஷ்ணகிரி தாண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அது எங்களுக்குப் பழகிவிட்டது, எதுதான் பழகாமல் போயிருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வண்டிக்கும் பூசணிக்காய் உடைக்கும்போது சென்னியப்பன் வண்டிக்கும் ஒன்று, காலி இடத்துக்கு முன்னால், குங்குமம் வைத்து உடைத்தோம். ராஜஸ்தான் பக்கம் போன எங்கள் டிரைவர்கள், தங்கள் புள்ளியும் அவன் புள்ளியும் ஒரே ரோட்டில் நெருங்குவதைப் பார்த்தால், எதிரில் வெறும் ரோடுதான் இருக்கிறது என்று தெரிந்தும் லைட்டை டிப் செய்து ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போவார்கள். அந்தப் புள்ளி ஒரு நாளும் சிவந்ததில்லை. தூக்கத்துக்கு நிற்கவில்லை, சோற்றுக்கு நிற்கவில்லை, எந்த மாநிலம் என்று சொல்ல மாட்டேன், கைநீட்டாமல் ஒரு வண்டியையும் விடாத ஒரு செக்போஸ்ட்டையும் நிற்காமல் தாண்டியது. மாமூல் கொடுக்காமல் போக வேண்டுமானால் டிரைவர் செத்துத்தான் போக வேண்டும் போலிருக்கிறது என்று டீக்கடையில் பேசிச் சிரித்தோம்.

ஒரு தடவை குழந்தைவேலு கைதவறி, நாசிக் வெங்காயத்தைச் சென்னியப்பன் வண்டியில் புக் செய்துவிட்டார். ஒரிசாவில் இருந்த புள்ளி உடனே திரும்பி, மலையும் ஆறும் தாண்டி நாசிக் போய், வெங்காய மண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. மண்டிக்காரன் வண்டி எங்கே வண்டி எங்கே என்று இந்தியில் திட்டினான். லோடை ரத்து செய்த பிறகுதான் புள்ளி அங்கிருந்து நகர்ந்தது. அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டோம்: செத்தாலும் லோடு போட்ட இடத்துக்கு வருவான்.

அப்படியானால் பாறைக்காட்டுக்கே ஒரு லோடு போட்டால் என்ன என்று ராசாமணி கேட்டாள், ஊரும் கேட்டது. துளசிமணிதான் வேண்டாம் என்றாள். எந்த வண்டியும் வீட்டு வாசலுக்கு வந்தால் நின்றே தீரும், நின்றால் இன்ஜினை அணைப்பார், அணைத்தால் இறங்குவார், இறங்கிய பிறகு அவருக்கு நாம் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று அவள் சொன்னதாக ராசாமணி சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

துளசிமணி அப்படித்தான் அவனோடு வாழ்ந்தாள். அதை வாழ்க்கை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, வேறு வார்த்தையும் இல்லை. காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து புள்ளி எந்த ஊரில் இருக்கிறதென்று பார்ப்பாள். அங்கே மழையா வெயிலா என்று விசாரிப்பாள், குளிர் காலத்தில் பஞ்சாப் பக்கம் போனால் அவளுக்கு இங்கே சளி பிடிக்கும். மில் வேலைக்குப் போகும்போது போனை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போவாள், பஞ்சுத் தூசியோடு திரும்பி வந்து சாப்பிடும்போது எதிரே நிறுத்திவைப்பாள். கூப்பிடும் பட்டன் புள்ளிக்குக் கீழேயே இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை, ஏனென்றால் புள்ளி எப்போதும் பச்சை.

வண்டிக்கு இல்லாத கேடு போனுக்கு வந்தது. புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்று ஏற்று என்று போன்களெல்லாம் நச்சரிக்க ஆரம்பித்தன. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினால் அதுவே ஏற்றிக்கொண்டது, இல்லாவிட்டால் வீட்டிலுள்ள பிள்ளைகள் அமுக்கிவிட்டார்கள். ஏற்றிய போனில் பாட்டு நன்றாகக் கேட்டது, போட்டோ நன்றாக விழுந்தது, 'வண்டி எங்கே' மட்டும் திறக்கவில்லை. இந்தச் செயலி பழைய பதிப்புக்காகச் செய்யப்பட்டது, செய்தவரைத் தொடர்புகொள்ளவும் என்று ஒரு வரி வந்தது. முதலில் லாரி ஓனர்கள் வீட்டுப் பெரிய போன்களில் போயிற்று, பிறகு கடைக்காரர்கள் போனில், பிறகு டிரைவர்கள் போனில். செயலி போனவர்கள் ஒவ்வொருவரும் துளசிமணி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, "எங்க போன்லயும் போயிருச்சுங்க அம்மிணி" என்று துக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள்.

பெரிய கம்பெனி ஒன்றின் புதுச் செயலி அதற்குள் வந்துவிட்டது. அதில் லாரி லாரியாகவே தெரிந்தது, டோல்கேட் தெரிந்தது, டீசல் எங்கே குறைச்சல் என்று தெரிந்தது. எங்கள் ஊர் வண்டிகள் எல்லாம் அதில் ஏறிக்கொண்டன, யாரையும் குறை சொல்ல முடியாது, பிழைப்பைப் பார்க்க வேண்டுமே. சென்னியப்பனின் நம்பரைப் போட்டுத் தேடினால் அப்படி ஒரு வண்டி இல்லை என்றது. உண்மையைத்தான் சொன்னது. அந்த உண்மையை அத்தனை வருஷமாக யாரும் எங்களிடம் சொன்னதில்லை என்பதால் எங்களுக்கு அதன் மேல் கோபம் வந்தது.

கனடாவில் வேலையிலிருந்த தயாளனுக்குக் குழந்தைவேலு போன் போட்டார். அவன் நல்ல பையன், ராத்திரிச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினான். படிக்கிற காலத்தில் விளையாட்டாக எழுதியது, அந்த எழுத்தே இப்போதைய போன்களுக்குப் புரியாது, மேப் கொடுக்கிற கம்பெனியும் பழைய போன்களுக்குக் கொடுப்பதை நிறுத்தப் போகிறது, என் கையில் ஒன்றும் இல்லை என்றான். புதிதாக எழுதித் தர முடியாதா என்று கேட்டதற்கு எழுதலாம், எழுதினால் இப்போது ஓடுகிற வண்டிகள்தான் வரும் என்றான். சென்னியப்பன் வண்டியும் இப்போது ஓடுகிறதுதானே என்றார் குழந்தைவேலு. அவன் தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தான்.

"மாமா, என்ர கம்ப்யூட்டர்ல அந்த வண்டி இல்லீங்க. அவரு போன் ஒடைஞ்ச அன்னிக்கே அழிஞ்சிருச்சு. உங்க போன்ல எப்படித் தெரியுதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சாக் காப்பாத்திருவேனுங்க."

கடைசியில் இரண்டு போன்கள் மிஞ்சின, ஆபீஸில் கண்ணாடி கீறிய ஒன்று, துளசிமணியின் கையில் ஒன்று. ஐப்பசியில் அந்த இரண்டிலும் ஒரே நாளில் அறிவிப்பு வந்தது. வரும் வெள்ளிக்கிழமை பழைய பதிப்புக்கான ஆதரவு முடிகிறது, அதற்குமேல் மேப் வராது. புதுப் பதிப்பு ஏற்றினால் செயலி போகும், ஏற்றாவிட்டால் மேப் போகும். முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்பார்களே, அந்த மாட்டை எங்கள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். சேலத்தில் போன் ரிப்பேர் கடை கடையாக ஏறி இறங்கினோம், எல்லோரும் எங்களைவிட வருத்தமாகத் தலையாட்டினார்கள்.

அன்றைக்குப் புள்ளி காஷ்மீரத்துக்குக் கீழே, பதான்கோட் பக்கம் இருந்தது. துளசிமணி ஆபீஸுக்கு வந்தாள். அவள் அந்த ஆபீஸ் படியேறி நாங்கள் பார்த்ததே இல்லை. குழந்தைவேலு எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை.

"இங்க வர்ற மாதிரி ஒரு லோடு போட்டு உடுங்ணா" என்றாள்.

"அம்மிணி, வந்து நின்னா..."

"நிக்கட்டுங்ணா. பாக்கறதுக்கு ஒரு ஆளு இருக்கற வரைக்குந்தான் ஓடறதெல்லாம். நாளைக்கு யாரும் பாக்காம எந்த ரோட்ல எவ்வளவு காலம் சுத்தீட்டு இருப்பாரு? ஊடு வந்து சேரட்டும்."

குழந்தைவேலு லோடு போட்டார். என்ன சரக்கு என்று செயலி கேட்டது, அவர் யோசித்து 'வீட்டுச் சாமான்' என்று போட்டார். பதான்கோட்டில் இருந்த புள்ளி ஒரு திருப்பம் திரும்பித் தெற்கே பார்த்தது.

அந்த வாரம் முழுக்க பாறைக்காட்டில் வேறு பேச்சு இல்லை. டெல்லியைச் சுற்றிக்கொண்டு வந்தான், ஆக்ரா தாண்டினான், ஜான்சி தாண்டினான் என்று குழாயடியிலும் கறிக்கடையிலும் சொல்லிக்கொண்டோம். ஓனர்களும் டிரைவர்களும் பழைய சண்டைகளை விட்டுவிட்டு ஆபீஸில் வந்து உட்கார்ந்தார்கள். நாக்பூர் வந்தபோதுதான் கணக்கு உதைத்தது. சென்னியப்பன் உயிரோடு இருந்தபோது ஓட்டியது போலவே நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்தான், அந்த நிதானத்தில் வந்தால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும், வீட்டுக்கு வர ஒரு பகல் தூரம் இருக்கும்போதே மேப் போய்விடும். எல்லோரும் ஒரே நேரத்தில் அதை உணர்ந்தோம், எல்லோரும் குழந்தைவேலுவின் விரலைப் பார்த்தோம். அவர் துளசிமணிக்கு ஆள் அனுப்பிக் கேட்டார், அவளும் சரி என்றாள். லோடுக்கு மேல் 'அவசரம்' என்று குறி வைத்தார்.

யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. நாங்கள் லாரிக்காரர்கள், சரக்கு நேரத்துக்கு வராது என்றால் எங்களுக்கு அது ஒன்றுதான் செய்யத் தெரியும். அடிலாபாத் தாண்டியதும் புள்ளி வேகமெடுத்தது. ஐதராபாத்தை விடியலில் தாண்டியது, கர்னூலும் அனந்தபூரும் வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை. தம்பி மிதிக்கிறான் பார் என்று ராசாமணி சிரித்தாள். அவள் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது, எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே தெருவில் நின்ற பைக்குகளை எடுத்து, ஒரு லாரி நிற்கிற அளவு இடம்விட்டுத் தண்ணீர் தெளித்தோம். தாழ்வாகத் தொங்கிய கேபிள் ஒயரைக் கம்பால் தூக்கிக் கட்டினோம், லாரியின் கூண்டு உரசக் கூடாதில்லையா. வருகிறவனை எப்படி வரவேற்பது என்பதில் மறுபடி இரண்டு கட்சி ஆனது. நெடுந்தூரம் போய் வருகிறவனுக்கு ஆரத்தி எடுக்க வேண்டும் என்றார்கள் சிலர், செத்தவனுக்கு ஆரத்தி எடுத்தால் ஊருக்கு ஆகாது என்றார்கள் சிலர். ராசாமணி இரண்டையும் செய்தாள். ஒரு தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி, இன்னொரு தட்டில் கோடித் துணி. அவன் இறங்கட்டும், இறங்கின முகத்தைப் பார்த்துவிட்டு எதைத் தூக்குவது என்று முடிவு செய்வோம் என்றாள். துளசிமணி கொண்டையில் பூ இல்லாமல், கழுத்தில் தாலியோடு, புதுச் சேலையும் பழைய சேலையுமில்லாத ஒரு சேலையில், படியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் ஓசூர், அப்புறம் கிருஷ்ணகிரி. தர்மபுரி தாண்டியபோது தெரு நிறைய ஆட்கள். வீட்டுக்கு வர இனி அரைப் பொழுதுகூட வேண்டாம். சுற்றி நின்ற டிரைவர்களில் ஒருத்தர் வேகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தவர், படிப்பதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். புள்ளி தொப்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது, நெருங்க நெருங்க வேகம் கூடிக்கொண்டே வந்தது. தக்காளி ஏற்றி வந்த அன்றைக்கும் அதே ரோடு, அதே குறி, அதே வேகம்.

குழந்தைவேலு தன் போனை எடுத்து 'அவசரம்' குறியை அழிக்கப் பார்த்தார். ஆதரவு முடியும் நிலையில் மாற்றங்கள் ஏற்கப்படமாட்டா என்று வந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடி அதே வரி வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எங்களால் முடியவில்லை. வைத்தவர் அவர் என்றாலும் வைக்கச் சொன்னவர்கள் நாங்கள்.

துளசிமணி புள்ளியைத் தொட்டாள். கூப்பிடும் பட்டன் வந்தது. பச்சையாக இருக்கிறது, பச்சைக்குப் போடக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கலாம், அத்தனை மாமியார்கள் அங்கே நின்றார்கள். ஒருத்தரும் சொல்லவில்லை. போன தடவை கட்டுப்பாட்டைக் காப்பாற்றி அவனை இழந்தாள், இந்தத் தடவை எதைக் காப்பாற்றுவது? அவள் அமுக்கினாள்.

மணி அடித்தது. அந்த நம்பரை எப்போதோ வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், இருந்தாலும் மணி அடித்தது அவன் வண்டியில்தான். வேகம் எண்பதிலிருந்து அறுபதுக்கு இறங்கியது, நாற்பதானது, இருபதானது. போன் பேசிக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் சென்னியப்பனுக்கு எப்போதும் கிடையாது. இறக்கம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மேட்டில், ரோட்டின் இடதுபுறமாக ஒதுங்கி, புள்ளி நின்றது. எங்கள் கண் முன்னால், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சிவந்தது.

போன் எடுக்கப்பட்டது. இன்ஜின் சும்மா ஓடுகிற சத்தம் கேட்டது, பக்கத்தில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போவது கேட்டது. பிறகு எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் குரல், கொஞ்சம் களைப்பாக, கொஞ்சமும் மாறாமல் வந்தது.

"சொல்லு புள்ள."

துளசிமணி வாயைத் திறந்தாள். போன் வெள்ளையாகிவிட்டது. இந்தச் செயலிக்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று நடுவில் ஒரு வரியும், அதற்குக் கீழே 'சரி' என்று ஒரு கட்டமும் இருந்தன, வேறு ஒன்றும் இல்லை. குழந்தைவேலுவின் போனிலும் அதுவேதான்.

அன்று மாலையே வேன் எடுத்துக்கொண்டு தொப்பூர் போனோம். புள்ளி நின்ற இடத்தை எங்கள் டிரைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். ரோட்டோரம் ஒரு எல்லைக்கல், காய்ந்த புல், யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில்கள், அவ்வளவுதான். துளசிமணி அந்த இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றி வண்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன, வேனில் வந்த பெண்கள் அழுதார்கள், இருட்டும் முன்னால் திரும்பிவிட்டோம். ஆரத்தியை முச்சந்தியில் ஊற்றினோம், கரைத்ததை வைத்திருக்கக் கூடாது. கோடித் துணியை ராசாமணி பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

இப்போதும் எங்கள் ஊருக்கு இதில் ஒரு முடிவு தெரியவில்லை. வண்டி ஓடுகிறது என்று சொல்ல முடியவில்லை, வந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. ஓடினால் தாலி இருக்கலாம், வந்திருந்தால் இறக்கலாம், மேட்டில் நிற்கிற வண்டிக்கு எங்களிடம் வழக்கம் இல்லை. விசேஷ வீட்டுக்காரர்கள் துளசிமணியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், எந்த வரிசையில் நிறுத்துவது என்று தெரியாத சங்கடம்தான், வேறு கெட்ட எண்ணம் இல்லை. அவளும் மில்லுக்குப் போவதை விட்டுவிட்டாள். அந்தப் போனை யாரையும் தொட விடுவதில்லை, சார்ஜ் இறங்க விடுவதில்லை, 'சரி' என்ற கட்டத்தை அவள் அமுக்கவே இல்லை.

போன வாரம் ராசாமணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருக்கிறாள். சத்தம் வரவில்லை என்று தெரிந்ததும் அவனே போனை வைத்துவிட்டுக் கிளம்பியிருப்பான், இத்தனை வருஷம் ஓடியவனுக்கு ரோடு தெரியாதா, இப்போதும் எங்காவது ஓடிக்கொண்டுதான் இருப்பான், நமக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். துளசிமணி போனிலிருந்து கண்ணை எடுக்காமலே நாத்தனாரிடம் சொன்னாளாம்:

"அவரு மொதல்ல வெக்க மாட்டாருங் நங்கையா. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து, நான் வெச்சாத்தான் அவரு வெப்பாரு. நான் இன்னும் வெக்கலையே."